25 கிராம் மருந்து: அளந்து பார்த்தவர் யார்?

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. இந்தப் பழமொழி எல்லோருக்கும் தெரியும்.

அளவுக்குக் குறைந்தால் மருந்தும் வெறும் தண்ணீர்தான். இதையும் யாரும் மறுக்கமாட்டார்கள்.

சாதாரணக் காய்ச்சல் மாத்திரைக்குக்கூட அளவு உண்டு. பெரியவருக்கு ஒன்று; சிறுவருக்குப் பாதி; கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து. இந்த அளவை யாரோ ஒருவர் மனம் போனபடி சொல்லிவிடவில்லை. பலருக்குக் கொடுத்து, ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டு, கணக்கு எடுத்த பிறகே சொன்னார்கள்.

ஆனால், உயிரைப் பறிக்கும் ஒரு நோய்க்கு 20 ஆண்டுகளாக ஒரு மருந்து பெரும்பாலும் ஒரே அளவில் கொடுக்கப்பட்டு வருகிறது. அந்த அளவு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்த்து முடிவு சொன்னவர் இல்லை!

நோயின் பெயர் 'கால்சிபிலாக்சிஸ்.' மருந்தின் பெயர் 'சோடியம் தயோசல்பேட்.' அளவு, ஒரு தடவைக்கு 25 கிராம்.

இந்த நோய் மிகவும் அரிதானது. ஆகையால் இதைப் பற்றிக் கேட்கும் குரலும் குறைவு. குரல் குறைவு என்பதற்காக அளக்காமலே விட்டுவிடலாமா? கூடாது.

என்ன நோய் இது?

சிறுநீரகங்கள் இரத்தத்தில் உள்ள கழிவுகளைப் பிரித்துச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. அவை அடியோடு பழுதாகிவிட்டால் இயந்திரத்தின் உதவியால் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். இதுதான் 'டயாலிசிஸ்.' வழக்கமாக வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம் நோயாளி இயந்திரத்தோடு இணைந்து படுத்திருக்க வேண்டும்.

இயந்திரம் உயிரைக் காக்கிறது. ஆனால் சிறுநீரகம் செய்யும் எல்லா வேலையையும் அதனால் செய்ய முடியாது. முக்கியமாக, கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸ் என்னும் சத்தும் இரத்தத்தில் சீர்குலைந்து போகின்றன.

சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் பல்லிலும் சேர வேண்டியது. இந்த நோயில் அது இரத்தக் குழாய்களின் சுவரில் போய்ப் படிகிறது. பெரிய குழாய்கள் அல்ல. தோலுக்கும் அதன் அடியில் உள்ள கொழுப்புக்கும் இரத்தம் கொண்டுபோகும் மிகச் சிறிய குழாய்கள். உப்புத் தண்ணீர் ஓடும் குழாயில் நாளடைவில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஏறக்குறைய அதைப்போலத்தான்.

இரத்தம் போகாத இடத்தில் சதை செத்துவிடுகிறது.

முதலில் தாங்க முடியாத வலி. பிறகு தோலில் வலைபோல ஊதா நிறக் கோடுகள். அதன் பிறகு கறுத்துக் கருகிய புண்கள். வயிற்றிலும் தொடையிலும் கால்களிலும் அவை தோன்றுகின்றன. புண் எளிதில் ஆறுவதில்லை. அதன் வழியே கிருமிகள் புகுந்து இரத்தத்தில் பரவுகின்றன. இந்த நோயால் இறப்பவர்களில் பலர் இறப்பது அதனால்தான்.

நோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஓர் ஆண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் 10,000 பேரை எடுத்துக்கொண்டால், ஓர் ஆண்டில் அமெரிக்காவில் சுமார் 35 பேருக்கு இந்த நோய் வருகிறது. ஜெர்மனியில் சுமார் 4 பேர். ஜப்பானில் ஒருவருக்கும் குறைவு. இது 2018-ல் வெளியான ஒரு வைத்தியக் கட்டுரை தந்த கணக்கு.

பெண்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும், உடல் பருத்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். இரத்தம் உறையாமல் இருப்பதற்காகச் சாப்பிடும் 'வார்பரின்' மாத்திரையும் ஆபத்தைக் கூட்டுகிறது. இரத்தக் குழாயில் சுண்ணாம்பு படியாமல் காக்கும் ஒரு புரதம் உடலில் உண்டு. அது வேலை செய்ய வைட்டமின் 'கே' வேண்டும். வார்பரின் அந்த வைட்டமினின் வேலையைத் தடுத்துவிடுகிறது.

பெயரும் கடன், மருந்தும் கடன்

இந்த நோயின் பெயர் மனிதர்களைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. எலிகளைப் பார்த்து வைத்த பெயர்!

கானடா நாட்டில் மான்ட்ரீல் நகரில் ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி இருந்தார். மன அழுத்தம் உடலை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் அவர். அவர் எலிகளுக்குச் சில பொருள்களைக் கொடுத்து, அவற்றின் உடலில் சுண்ணாம்பு படியும்படி செய்தார். அதற்கு 'கால்சிபிலாக்சிஸ்' என்று பெயர் சூட்டி 1962-ல் ஒரு புத்தகமும் வெளியிட்டார். பின்னர் டயாலிசிஸ் நோயாளிகளிடம் இந்தப் புண்கள் காணப்பட்டபோது, டாக்டர்கள் அந்தப் பெயரையே எடுத்து வைத்துக்கொண்டார்கள். எலிகளுக்கு வந்ததும் மனிதருக்கு வருவதும் ஒன்றல்ல என்பது இப்போது தெரிந்திருக்கிறது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மருந்தின் கதையும் அப்படித்தான்.

பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் 'ஹைப்போ' என்று ஒரு உப்பு இருக்கும். இருட்டறையில், படம் அழியாமல் நிலைத்து நிற்பதற்காகப் பிலிமையும் காகிதத்தையும் அதன் கரைசலில் முக்கி எடுப்பார்கள். அந்த ஹைப்போதான் சோடியம் தயோசல்பேட்! ஆஸ்பத்திரிக்கு வருவது அதே உப்பின் தூய்மையான ஊசி மருந்து.

சயனைடு விஷம் உடலில் ஏறியவர்களைக் காப்பாற்றவும் இது பயன்படுகிறது. விஷத்தை, சிறுநீரில் வெளியேறக்கூடிய வேறொரு பொருளாக இது மாற்றிவிடுகிறது.

இந்தப் பழைய மருந்தைக் கால்சிபிலாக்சிஸ் கண்ட ஒரு நோயாளிக்குக் கொடுத்துப் பலன் கிடைத்ததாக 2004-ல் ஓர் அமெரிக்கச் சிறுநீரக வைத்திய இதழில் செய்தி வந்தது. அதற்கு முன் கையில் மருந்தே இல்லாமல் தவித்த டாக்டர்களுக்கு அது பெரிய நம்பிக்கையைத் தந்தது. பல ஆஸ்பத்திரிகளில் கொடுக்கத் தொடங்கினார்கள். டயாலிசிஸ் முடியும் கடைசி ஒரு மணி நேரத்திலோ, முடிந்த பிறகோ, 25 கிராம். வாரத்தில் மூன்று தடவை. இப்படி மாதக்கணக்கில்.

இதுவே வழக்கமாகிவிட்டது.

டாக்டர்கள் செய்தது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. கண்ணெதிரே நோயாளி துடிக்கும்போது, கையில் கிடைத்த நல்ல மருந்தைக் கொடுப்பதே தர்மம். ஆனால், அவசரத்தில் பிடித்த அளவு ஆண்டுகள் பல சென்ற பிறகும் அப்படியே நிற்பதுதான் கேள்வி.

எடைக்கு ஏற்ற அளவா?

45 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டியும், 110 கிலோ எடையுள்ள ஒரு நடுவயதுக்காரரும் அடுத்தடுத்த படுக்கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் 25 கிராம் என்றால், மூதாட்டியின் உடலில் ஒரு கிலோவுக்குச் சேரும் மருந்து மற்றவரைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு!

இது டாக்டர்களுக்குத் தெரியாததல்ல. 60 கிலோவும் அதற்குக் குறைவும் உள்ளவர்களுக்கு 12.5 கிராம் போதும் என்று இந்த நோயில் அனுபவம் மிகுந்த நிபுணர்கள் யோசனை கூறியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதுவும் அனுபவத்தில் சொன்னதே தவிர, இரண்டு அளவையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னதல்ல.

சயனைடு விஷத்துக்குப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் வழக்கமான அளவு 12.5 கிராம். விஷம் ஏறியவருக்கு ஒரு வேளைக்குக் கொடுப்பதைப்போல் இரண்டு மடங்கு, இந்த நோயாளிக்கு வாரத்தில் மூன்று தடவை ஏறுகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் சிறுநீரகம் வேலை செய்யாத உடலில்!

உப்புக் கணக்கு

டயாலிசிஸ் நோயாளியின் வீட்டில் நடக்கும் போராட்டமெல்லாம் உப்போடும் தண்ணீரோடும்தான். உப்பு கூடினால் தாகம் எடுக்கும். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் அது வெளியேற வழியில்லை. கால் வீங்கும்; மூச்சு முட்டும். அதனால் ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் டாக்டர்கள் விலக்கி வைக்கிறார்கள்.

இப்போது மருந்தின் கணக்கைப் பாருங்கள்.

25 கிராம் சோடியம் தயோசல்பேட் ஊசி மருந்தில் சுமார் 4.6 கிராம் சோடியம் இருக்கிறது. சமையல் உப்பாகக் கணக்கிட்டால், ஏறக்குறைய 12 கிராம் உப்பில் இருக்கும் சோடியம் அது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் யோசனை. அதுவும் நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு!

டயாலிசிஸ் நடக்கும்போதே மருந்து கொடுத்தால் இதில் ஒரு பகுதியை இயந்திரம் எடுத்துவிடும். முடிந்த பிறகு கொடுத்தால், அடுத்த டயாலிசிஸ் வரை நோயாளியின் உடல்தான் அதைச் சுமக்க வேண்டும்.

இது மட்டுமல்ல. இந்த மருந்தால் குமட்டலும் வாந்தியும் வருகின்றன. இரத்தத்தில் அமிலம் கூடுகிறது. சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது.

எலும்புக்கும் கெடுதல் உண்டோ என்ற ஐயம் இருக்கிறது. 2008-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இந்த மருந்து சிறுநீரகம் கெட்ட எலிகளின் இரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிவதைத் தடுத்தது. ஆனால் அவற்றின் எலும்பு வலுவிழந்தது. 2010-ல் தாய்லாந்து டாக்டர்கள் இருதய இரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்த டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு மாதம் மருந்து பெற்றவர்களின் இடுப்பு எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது.

கெடுதல் உண்டு என்பதற்காக மருந்தையே ஒதுக்கிவிட முடியாது. கடும் வலியிலிருந்து விடுதலையும் உயிரும் கிடைக்குமானால் குமட்டலை யாரும் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால், பாதி அளவிலேயே அதே பலன் கிடைக்குமா? கிடைக்குமானால், மீதிப் பாதியை நோயாளியின் உடலில் ஏற்றுவது எதற்காக? அல்லது 25 கிராமும் போதாமல், இன்னும் கூட்ட வேண்டுமோ? பதில் சொல்ல இன்று ஆதாரம் இல்லை.

நேரமும் ஓர் அளவே

மருந்தின் அளவு கிராமில் மட்டும் இல்லை. கொடுக்கும் நேரத்திலும் இருக்கிறது.

சோடியம் தயோசல்பேட் மிகச் சிறிய மூலக்கூறு. டயாலிசிஸ் இயந்திரம் கழிவுகளை எடுப்பதுபோல் இதையும் எடுத்துவிடும். கடைசி ஒரு மணி நேரத்தில் கொடுத்தால் ஒரு பங்கு அப்போதே போய்விடுகிறது. இயந்திரத்திலிருந்து எடுத்த பிறகு கொடுத்தால் முழுவதும் உடலில் நிற்கிறது. மருந்துச் சீட்டில் இரண்டும் 25 கிராம்தான். உடலில் நிற்பது 25 கிராம் அல்ல.

நோயாளியின் சிறுநீரகத்தில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறதா, டயாலிசிஸ் வாரம் மூன்று நாளா தினந்தோறுமா, வயிற்றுக்குள் திரவம் விட்டுச் சுத்தம் செய்யும் முறையா, எல்லாம் கணக்கில் வரும். டயாலிசிஸ் முறைக்கு ஏற்ப அளவை எப்படி மாற்றலாம் என்று 2011-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கணக்கு காகிதத்தில் வந்துவிட்டது. அந்தக் கணக்குப்படி கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறுகிறதா என்ற பரிசோதனைதான் வரவில்லை.

"குணமானார்களே!"

"மருந்து கொடுத்தோம், பலருக்குக் குணமானது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். 2013-ல் அமெரிக்காவில் இந்த மருந்து பெற்ற டயாலிசிஸ் நோயாளிகளின் விவரங்களைத் திரட்டினார்கள். புண்ணின் விவரம் கிடைத்த 53 பேரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குப் புண் ஆறியோ குறைந்தோ இருந்தது. கேட்க நல்ல செய்திதான்.

ஆனால் மருந்து பெறாதவர்களை அதே கண்ணோடு பார்த்து ஒப்பிட வேண்டாமா? 2023-ல் வெளியான மற்றொரு ஆராய்ச்சியில், 19 பழைய ஆய்வுகளைத் திரட்டி 422 நோயாளிகளின் கணக்கைப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே புண் ஆறுவதிலோ உயிர் பிழைப்பதிலோ உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் தெரியவில்லை!

அப்படியானால் மருந்தால் பலனே இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. நோய் முற்றியவர்களுக்கே மருந்து அதிகமாகக் கொடுக்கப்பட்டிருந்தால், மருந்து வேலை செய்தும் கணக்கில் தெரியாமல் போகலாம். ஒருவருக்கு 12.5 கிராமும் மற்றவருக்கு 25 கிராமும் கொடுத்திருந்தால், எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டியதில் நல்ல அளவின் பலன் மறைந்து போகலாம். பழைய ஏடுகளைப் புரட்டி எவ்வளவு கூட்டிக் கழித்தாலும் இந்தச் சிக்கல் தீராது.

இன்னொரு பாடமும் கிடைத்தது. 'எஸ்.என்.எப். 472' என்ற புது மருந்தை இந்த நோய்க்குப் பரிசோதித்து, அதன் முடிவை 2024-ல் வெளியிட்டார்கள். நோயாளிகள் 71 பேர். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, எடை ஒரு கிலோவுக்கு 7 மில்லி கிராம் வீதம் மருந்து. மறு பிரிவுக்கு மருந்தில்லாத திரவம். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வழக்கமான சிகிச்சை இரு பிரிவினருக்கும் தொடர்ந்தது.

12 வாரம் கழித்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களுக்குப் புண் குறைந்திருந்தது. வலியும் குறைந்திருந்தது. ஆனால் மருந்தில்லாத திரவம் பெற்றவர்களுக்கும் அதே அளவு குறைந்திருந்தது!

மறு பிரிவு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "புது மருந்தால் குணம்" என்று உலகம் முழுவதும் கொட்டை எழுத்தில் செய்தி வந்திருக்கும். நல்ல கவனிப்பும், புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவதும், வலிக்கு மருந்தும் செய்த நன்மையைப் புது மருந்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்காத மருந்தின் புகழ், எடை போடாமல் வாங்கிய அரிசியைப் போன்றது. குறையவும் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். தராசில் வைக்கும்வரை தெரியாது.

"நோயாளிகளே இல்லையே!"

பரிசோதனை வேண்டும் என்றால் இரண்டு தடைகளைச் சொல்கிறார்கள்.

ஒன்று: நோயாளிகள் மிகக் குறைவு. எங்கே போய்த் திரட்டுவது?

இரண்டு: சாகும் நிலையில் இருப்பவருக்கு மருந்து கொடுக்காமல் வெறும் திரவத்தைக் கொடுப்பது பாவம் அல்லவா?

முதல் தடைக்குப் பதில் இதே மருந்திடம் இருக்கிறது.

குழந்தைகளுக்கு ஈரலில் வரும் ஒருவகைப் புற்றுநோய் உண்டு. அதுவும் மிக அரிது. அதற்குச் 'சிஸ்பிளாட்டின்' என்ற மருந்து கொடுத்தால் நோய் குணமாகும். ஆனால் பல குழந்தைகளுக்குக் காது கேளாமல் போய்விடும். சிஸ்பிளாட்டின் கொடுத்து 6 மணி நேரம் கழித்துச் சோடியம் தயோசல்பேட் கொடுத்தால் காதைக் காப்பாற்றலாமா என்று பார்க்க முடிவு செய்தார்கள்.

ஒரே ஊரில் போதிய குழந்தைகள் கிடைக்கவில்லை. பல நாட்டு ஆஸ்பத்திரிகள் கை கோத்தன. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து 109 குழந்தைகளைச் சேர்த்தார்கள். முடிவு 2018-ல் வெளிவந்தது. பரிசோதித்துப் பார்த்த குழந்தைகளில், சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 63 பேருக்குக் காது பாதிக்கப்பட்டிருந்தது. தயோசல்பேட்டும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 33 பேருக்குத்தான் பாதிப்பு.

அங்கே மருந்தின் அளவு எப்படித் தெரியுமா? குழந்தையின் எடையையும், உயரத்தோடு சேர்த்துக் கணக்கிட்ட உடல் பரப்பையும் பார்த்து அளந்து கொடுக்கிறார்கள். 2022-ல் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிர்வாகம் அந்த அளவுகளோடு அனுமதியும் கொடுத்தது.

அதே உப்பு, அங்கேயும் அரிய நோய்தான். 109 குழந்தைகளைத் திரட்ட முடிந்தது என்றால், டயாலிசிஸ் நோயாளிகளைத் திரட்ட முடியாதா? சொல்லப்போனால் இங்கே வேலை இன்னும் சுலபம். டயாலிசிஸ் நோயாளி வாரம் மூன்று நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். எடை பார்க்கிறார்கள். இரத்தம் சோதிக்கிறார்கள். பக்கத்திலேயே நர்ஸ் இருக்கிறார். புண்ணை அளந்து எழுதிக்கொள்ளத் தனியாக ஓர் ஏற்பாடு தேவையில்லை.

யாரையும் வெறுங்கையோடு விட வேண்டாம்

இரண்டாவது தடைக்கும் வழி உண்டு.

வெறும் திரவம் கொடுக்க மனம் வரவில்லையா? வேண்டாம். எல்லோருக்குமே மருந்து கொடுக்கலாம். பாதிப் பேருக்கு 25 கிராம். பாதிப் பேருக்கு 12.5 கிராம். யாருக்கு எது என்பதைச் சீட்டு முடிவு செய்யட்டும். புண் எப்போது ஆறுகிறது, வலி எப்போது குறைகிறது, குமட்டல் யாருக்கு அதிகம், ஓர் ஆண்டு கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்க்கட்டும்.

இப்படிச் செய்தால் மருந்துக்குப் பலன் உண்டா என்ற பெரிய கேள்விக்கு முழுப் பதில் கிடைக்காது. உண்மைதான். அந்தக் கேள்வியையும் ஆராயும் ஏற்பாடுகள் நடக்கின்றன. 2020-க்குப் பிந்திய ஆண்டுகளில், ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று 'பீட்-கால்சி' என்ற பரிசோதனையைத் தொடங்கினார்கள். சோடியம் தயோசல்பேட் உள்பட பல சிகிச்சைகளை ஒரே ஏற்பாட்டில் பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் நோக்கம். பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் மருந்து நல்லதா என்று கேட்பதோடு, எவ்வளவு நல்லது என்றும் கேட்டால்தான் அந்த உழைப்பு நிறைவு பெறும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் இன்றே செய்யக்கூடியவை உண்டு.

நோயாளியின் எடையைப் பார்த்து அளவை முடிவு செய்யலாம். டயாலிசிஸ் நடக்கும்போது கொடுத்தார்களா, முடிந்த பிறகு கொடுத்தார்களா என்பதைச் சீட்டில் எழுதலாம். மருந்தோடு ஏறும் சோடியத்தைக் கணக்கில் சேர்க்கலாம். இரத்தத்தில் அமிலம் கூடுகிறதா என்று பார்க்கலாம். எத்தனை வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அடுத்தது என்ன என்று முதலிலேயே தீர்மானிக்கலாம். பலன் இல்லாத மருந்தை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க இது உதவும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் உண்மையைச் சொல்வது. "இது பலருக்கு உதவியதாகத் தெரிகிறது. ஆனால் முழுமையாகச் சோதிக்கப்படவில்லை. அளவும் அனுபவத்தில் சொல்வதுதான்" என்று சொன்னால் நோயாளி பயந்து ஓடிவிடமாட்டார். நம்பிக்கை கூடவே செய்யும். பரிசோதனையில் சேர அழைத்தால் எதற்காக என்று அவருக்குப் புரியும்.

வருமுன் காப்பது

ஒரு மருந்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதும் சரியல்ல. இந்த நோயில் சிகிச்சை ஒரு கையால் இழுக்கும் தேர் அல்ல.

பாஸ்பரஸ் கூடாமல் உணவைக் கவனிக்க வேண்டும். தேவையில்லாமல் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் வைட்டமின் 'டி'யும் சேரக் கூடாது. வார்பரின் சாப்பிடுபவராக இருந்தால், அதற்குப் பதில் வேறு மருந்து கொடுக்கலாமா என்று டாக்டர் பார்க்க வேண்டும். நோயாளி தாமாக நிறுத்திவிடக் கூடாது; அது வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் அளவு மீறி வேலை செய்தால் அதை அடக்க மருந்து உண்டு. அப்படிப்பட்ட 'சினகால்செட்' என்ற மருந்தை 3,883 டயாலிசிஸ் நோயாளிகளிடம் பெரிய அளவில் பரிசோதித்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். பின்னர் அந்தக் கணக்கைக் கிண்டிப் பார்த்தபோது, மருந்து பெற்ற பிரிவில் 6 பேருக்கும், பெறாத பிரிவில் 18 பேருக்கும் கால்சிபிலாக்சிஸ் வந்திருந்தது தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்த்ததால் கிடைத்த உண்மை இது.

டயாலிசிஸ் செய்துகொள்பவரின் வயிற்றிலோ தொடையிலோ காலிலோ, காரணம் தெரியாமல் கடும் வலி கண்டால், தோல் நிறம் மாறினால், தொட்டால் கல்போல் இருந்தால், "சாதாரணப் புண்தானே" என்று களிம்பு தடவிக்கொண்டிருக்கக் கூடாது. அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திராமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். புண் வெடிப்பதற்கு முன் கண்டுபிடித்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

பத்தாயிரத்தில் 35 பேர் என்பது ஏட்டில் சிறிய எண்ணாக இருக்கலாம். அந்த வலியில் துடிப்பவருக்கு, நோய் அரிதானது என்பதால் வலி குறைந்துவிடுவதில்லை. ஆயிரக்கணக்கானவருக்கு வரும் நோயாக இருந்தால் இந்த 25 கிராம் எப்போதோ தராசில் ஏறியிருக்கும்.

அரிய நோய் வந்தவரும் அளந்து கொடுக்கும் மருந்துக்கு உரியவரே.